10 மி.மீ. தோட்டாவுக்கு எஃகுச் சட்டகப் பிஸ்டல்: கோல்ட் டெல்டா எலீட்டும் அதன் போட்டியாளர்களும்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் இன்று பாலிமர் (வலுவான பிளாஸ்டிக்) சட்டகப் பிஸ்டல்களே பெரும்பாலான இடத்தைப் பிடித்திருக்கின்றன. எடை குறைவு, விலை குறைவு, சட்டகம் துருப்பிடிக்குமோ என்ற கவலை இல்லை. அவற்றுக்கு ஆதரவாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. ஆயினும், 10 மி.மீ. ஆட்டோ போன்ற வலுவான தோட்டாவைச் சுட விரும்பும் ஒருவர் உலோகச் சட்டகம் கொண்ட அரைத் தானியங்கிப் பிஸ்டலைத் தேடிப் போவதற்குப் பழைமை மோகம் மட்டுமே காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. சுடுதளத்தில் நான் பயன்படுத்திவரும், கோல்ட் நிறுவனத்தின் டெல்டா எலீட் பிஸ்டலை மையமாக வைத்து, அதே தோட்டாவைச் சுடும் வேறு சில பிஸ்டல்களையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வேகத்துத் தோட்டாவை வாங்கிச் சுடப்போகிறோம் என்பதைத் தீர்மானித்த பிறகே பிஸ்டலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பிறகு ஸ்பிரிங்குக்கும் குழலுக்கும் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்களில் தொடங்குவது நல்லது. வழக்கமான 9 மி.மீ. தோட்டா, 124 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 1,150 அடி வேகத்தில் செலுத்துகிறது. அதன் ஆற்றல் 490 ஜூல் அளவில் இருக்கும். இன்னொரு பழைய பிஸ்டல் தோட்டாவான .45 ஏசிபி, 230 கிரெயின் குண்டை 850 அடி வேகத்தில் செலுத்தி, ஏறக்குறைய அதே 500 ஜூலைத் தருகிறது. முழு வலுவுள்ள 10 மி.மீ. தோட்டாவோ 180 கிரெயின் குண்டை 1,250 அடி வேகத்தில் அனுப்புகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் 840 ஜூலைத் தாண்டும். இது .357 மேக்னம் ரிவால்வரின் வழக்கமான தோட்டாவையும் மிஞ்சும் அளவு. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. இதற்கு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 37,500 பவுண்டு; .45 ஏசிபிக்கு அது 21,000 மட்டுமே. டெல்டா எலீட்டுக்கு அடிப்படையான கோல்ட் 1911 வடிவம் பிந்தைய அழுத்தத்தை மனத்தில் கொண்டு உருவானது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து முளைப்பவை.

இந்தத் தோட்டாவின் வரலாறும் வாங்குபவருக்குத் தேவையான ஒன்றுதான். 1983-ல், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டார்னாஸ் அண்ட் டிக்சன் நிறுவனத்தின் பிரென் டென் பிஸ்டலுக்காக இது சந்தைக்கு வந்தது. துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் அதன் பின்னணியில் இருந்தார், தோட்டாவை ஸ்வீடனின் நார்மா நிறுவனம் தயாரித்தது. 200 கிரெயின் குண்டு, வினாடிக்கு 1,200 அடி என்பது நார்மாவின் அன்றைய அளவு. செக் நாட்டுப் பிஸ்டலான செ.இசட். 75-ஐ ஒட்டி வடிவமைக்கப்பட்ட பிரென் டென், மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) தட்டுப்பாட்டில் சிக்கியது. மேகசின் இல்லாமலேயே வாடிக்கையாளர் கைக்குப் போன பிஸ்டல்களும் உண்டு. 1986-ல் நிறுவனம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கோல்ட் நிறுவனம் தன் பழைய 1911 வடிவத்தில் டெல்டா எலீட்டைக் கொண்டுவந்திராவிட்டால் தோட்டாவும் அதோடு மறைந்திருக்கும்.

அதற்கு இடையில், 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அலுவலர்கள் இருவர் உயிரிழந்தனர். தாக்கியவர்களில் ஒருவரின் உடலில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டதைக் கண்ட எஃப்.பி.ஐ., வேறு தோட்டாவைத் தேடி 10 மி.மீ.க்கு வந்து சேர்ந்தது. ஆனால் முழு வலு வேண்டாம் என்று முடிவுசெய்து, 180 கிரெயின் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 950 அடிக்கு இறக்கியது. அந்த வேகத்துக்கு 25.2 மி.மீ. நீளமுள்ள தோட்டா உறை எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது, உறையை 21.6 மி.மீ. ஆகக் குறைத்து, 1990-ல் .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற புதிய தோட்டா வெளிவந்தது. காவல்துறைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன, 10 மி.மீ. வேட்டைக்காரர்களிடமும் பிடிவாதக்காரர்களிடமும் தங்கிவிட்டது.

இந்தப் பழங்கதையின் விளைவை இன்றைய தோட்டாப் பெட்டிகளிலும் காணலாம். "10 மி.மீ. ஆட்டோ" என்று ஒரே பெயர் அச்சிட்ட இரண்டு பெட்டிகளுக்குள் இருப்பவை உண்மையில் இரு வேறு தோட்டாக்கள். பயிற்சிக்கென்று மலிவாக விற்கப்படுபவற்றில் பல, 180 கிரெயின் குண்டை வினாடிக்கு 1,030 அடி அளவில்தான் செலுத்துகின்றன, அதாவது .40-ன் வேலையை நீண்ட உறையில், கூடுதல் விலைக்குச் செய்கின்றன. மறுபுறம், அண்டர்வுட், பஃபலோ போர் போன்ற சிறு தயாரிப்பாளர்கள் 220 கிரெயின் கடின ஈயக் குண்டை 1,200 அடி வரை கொண்டுபோகிறார்கள். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் படிக்காமல் வாங்குபவர், தன் பிஸ்டல் மென்மையாக உதைக்கிறது என்று சுடுதளத்தில் பெருமைப்பட்டுவிட்டு, காட்டுக்குப் போகும்போது வேறு பெட்டியைப் பிரித்ததும் திகைத்து நிற்பார். மலிவான தோட்டாவை மட்டுமே சுடப்போகிறவருக்கு 10 மி.மீ. பிஸ்டலே தேவையில்லை என்பது என் கருத்து.

உலோகச் சட்டகத்தின் பயன் என்ன என்ற கேள்விக்கு வருவோம். ஒரே தோட்டாவைச் சுடும் இரு பிஸ்டல்களில், பின்னோக்கி உதைக்கும் ஆற்றல் பிஸ்டலின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஐந்து அங்குலக் குழல் கொண்ட முழு எஃகு 1911, காலி மேகசினோடு ஏறத்தாழ 1,100 கிராம். பாலிமர் சட்டகக் க்ளாக் 20, காலி மேகசினோடு 870 கிராம். விளம்பரங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் க்ளாக்கில் 15 தோட்டாக்கள் ஏறும், 1911-ல் எட்டு. ஒவ்வொரு தோட்டாவும் சுமார் 17 கிராம் என்பதால், முழுதாக ஏற்றிய க்ளாக் 1,130 கிராமை எட்டுகிறது, எஃகுப் பிஸ்டலோ 1,240-ஐ ஒட்டி நிற்கிறது. முதல் தோட்டாவைச் சுடும்போது வேறுபாடு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. மேகசின் காலியாகக் காலியாகத்தான் பாலிமர் பிஸ்டல் துள்ளத் தொடங்குகிறது, கடைசித் தோட்டாவில் அதன் உதைப்பு எஃகைவிடக் கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. எஃகின் சிறப்பு உதைப்பு குறைவாக இருப்பதில் மட்டும் இல்லை. முதல் தோட்டாவுக்கும் எட்டாவதுக்கும் இடையே அது பெரிதாக மாறாமல் இருப்பதிலும் இருக்கிறது. தொடர்ந்து சுடும்போது, குறிபார்க்கக் குழல் முனைப்பக்கம் இருக்கும் முன்குறி எழும்பித் திரும்ப அமரும் தாளம் கைக்குப் பழகிவிடுகிறது.

அலுமினியக் கலவைச் சட்டகமும் உலோகம்தான் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இடுப்பில் நாள் முழுதும் சுமப்பவருக்கு அது நல்ல சமரசம். ஆனால் முழு வலுவுள்ள 10 மி.மீ. தோட்டாவைத் தொடர்ந்து சுடப்போகிறவர் அலுமினியத்தைத் தவிர்ப்பதே மேல்; எடையில் கிடைக்க வேண்டிய பயனும் குறைகிறது, ஸ்லைடு (சுடும்போது மேலே முன்பின் நகரும் பகுதி) ஓடும் ரெயிலின் தேய்மானமும் முன்கூட்டியே வருகிறது.

இப்போது டெல்டா எலீட். சட்டகமும் ஸ்லைடும் துருப்பிடிக்காத எஃகு, ஐந்து அங்குலக் குழல், எட்டுத் தோட்டா மேகசின், கைப்பிடிப் பலகைகளில் சிறு டெல்டா முத்திரை. கையில் எடுத்ததும் எடை முன்பக்கம் சற்றே சாய்வதை உணரலாம். சுடும்போது அந்தச் சாய்வு நன்மையாகவே முடிகிறது. கைப்பிடியின் மேற்புறத்தில் நீண்டிருக்கும் எஃகு நாக்கு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான சதைப் பகுதியைச் சுத்தியலிடமிருந்து காக்கிறது. முழு வலுத் தோட்டாவில் அந்த நாக்கின் விளிம்பு உள்ளங்கையின் மேற்புறத்தில் ஒரே இடத்தில் அழுந்துவதால், மாலையில் அங்கே சிவந்த கோடு ஒன்று தெரியும். டிரிக்கர் பின்னோக்கி நேராக நகர்கிறது; சிறிது தளர்வு, பிறகு ஒரு சுவர், பிறகு விடுபடல். இந்த விலையில் இதைவிடக் கூர்மையான டிரிக்கர்கள் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்: கோல்ட்டின் சீரிஸ் 80 அமைப்பில், டிரிக்கரை இழுத்தால் மட்டுமே தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி விடுபடும் வகையில் கூடுதல் நெம்புகோல்கள் உள்ளன, கீழே விழுந்தால் தானே வெடிக்காது என்ற பாதுகாப்புக்கு இழுவையில் லேசான சொரசொரப்பு விலையாகிறது. எனக்கு அது சம்மதமே.

பழைய டெல்டா எலீட்டை வாங்க நினைப்பவர் ஓரிடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். தொடக்ககாலப் பிஸ்டல்களில், ஸ்லைடைப் பின்னே நிறுத்திவைக்கும் ஸ்லைடு ஸ்டாப்புக்கான வெட்டுக்கு நேர் மேலே, சட்டக ரெயிலில் மெல்லிய எஃகுப் பாலம் ஒன்று இருந்தது. முழு வலுத் தோட்டாக்களின் அடியில் அந்தப் பாலம் விரிசல் கண்டது. தோட்டாவின் கெட்ட பெயருக்கு இதுவும் காரணமாயிற்று, "10 மி.மீ. சட்டகத்தையே உடைத்துவிடும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பரவியது. கோல்ட் செய்த திருத்தம் எளியது: அந்தப் பாலத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். ரெயிலில் அந்த இடத்தில் சிறு இடைவெளி இருந்தால் அது பிந்தைய தயாரிப்பு. பாலம் இருந்து, அதில் மயிரிழைக் கோடு தெரிந்தாலும் பிஸ்டல் சுடும், ஆனால் விலையைக் குறைத்துப் பேச வேண்டும். 1996-ல் நிறுத்தப்பட்ட இந்த மாடல் 2009-ல் மறுபடி வந்தது. இன்று புதிதாக வாங்குபவருக்கு இந்தக் கவலை இல்லை.

சட்டகத்தைவிடக் குழலின் அடிப்பகுதிக்கே நான் அதிக முக்கியத்துவம் தருவேன். பழைய 1911 வடிவத்தில், தோட்டா மேகசினிலிருந்து மேலேறும் சரிவு குழலிலும் சட்டகத்திலுமாகப் பிரிந்திருக்கும். அதனால் குழலின் அடிப்பக்க அறைக்குள் அமர்ந்த தோட்டா உறையின் அடியில், ஆறு மணி நிலையில், எஃகு தாங்காத சிறு பகுதி மிஞ்சிவிடும். .45-ன் அழுத்தத்துக்கு அது பொருட்டல்ல. 37,500 பவுண்டு அழுத்தத்தில் பித்தளை அந்தத் திறந்த பக்கம் பிதுங்கும். சுட்டு வெளியே விழுந்த உறையை எடுத்து விளிம்புக்குச் சற்று மேலே விரலால் தடவிப் பாருங்கள். பிறை வடிவ மேடு தட்டுப்பட்டால் அந்தக் குழல் போதிய ஆதரவு தரவில்லை என்று பொருள். சுடுபவர்கள் இதை "சிரிக்கும் பித்தளை" என்கிறார்கள். சிரித்த உறையில் மறுபடி மருந்தேற்றுவது ஆபத்தானது. சரிவு முழுவதும் குழலோடு ஒன்றாக அமைந்த குழலில் இந்தச் சிக்கல் இல்லை. கடினத் தோட்டாக்களையே சுடப்போகிறவர் அத்தகைய குழல் உள்ள மாடலையே கேட்டு வாங்க வேண்டும். கடையில் பிஸ்டலைப் பிரித்துக் காட்டச் சொல்லி, குழலில் பயிற்சிக்கான போலித் தோட்டா ஒன்றைப் போட்டு, அடியில் உறை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்தால் போதும். இதற்கு முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் வாங்காமலிருப்பது நல்லது.

ஸ்பிரிங் விஷயம் சிறியது போலத் தோன்றும், பிஸ்டலின் ஆயுளோ அதில்தான் இருக்கிறது. .45 பிஸ்டலின் ஸ்லைடு ஸ்பிரிங் வழக்கமாக 16 பவுண்டு; 10 மி.மீ.க்கு 20 முதல் 22 பவுண்டு வரை போடுகிறார்கள். மேலும் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதன் மறுபக்கத்தை மறந்துவிடுகிறார்கள்: பின்னால் போகும்போது உறிஞ்சிய ஆற்றலை ஸ்பிரிங் முன்னே வரும்போது திருப்பித் தருகிறது, அதனால் ஸ்லைடு முன்பக்கம் மோதும் வேகமும் கூடி, முன்குறி கீழே குனிகிறது. சட்டகத்துக்கு ஆதரவாக நான் முதலில் மாற்றச் சொல்வது ஊசியைப் பிடித்துவைக்கும் சிறு தகட்டை. அதன் அடிவிளிம்பு வளைவாக இல்லாமல் ஏறக்குறைய நேராக இருந்தால், ஸ்லைடு சுத்தியலைப் பின்னே தள்ளத் தொடங்கும்போதே கூடுதல் எதிர்ப்பைச் சந்திக்கிறது. அதன் விலை ஒரு பெட்டித் தோட்டாவின் விலைக்குள் அடங்கும்.

போட்டியாளர்களில் என் மரியாதைக்கு உரியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1006. 1990-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளே தயாரிக்கப்பட்டது. முழுதும் துருப்பிடிக்காத எஃகு, ஐந்து அங்குலக் குழல், ஒன்பது தோட்டா மேகசின். எஃப்.பி.ஐ. வாங்கிய 1076 இதன் சகோதரன், அதில் சுத்தியலை இறக்கும் நெம்புகோல் சட்டகத்தில் இருக்கும். 1006-ஐக் கையில் எடுத்தவர் அது நளினமானது என்று சொல்லவே மாட்டார். ஆனால் இந்தத் தோட்டாவுக்கென்றே கனமாக வார்த்தெடுத்த எந்திரம் அது என்பதைச் சுட்டதும் உணரலாம். முதல் தோட்டாவுக்கு டிரிக்கர் நீளமாகவும் கனமாகவும் இழுக்கும், அடுத்தவற்றுக்கு இலகுவாகும். சிறிய கை உள்ளவருக்கு அந்த முதல் இழுவை எட்டாக்கனிதான். பழையதாக மட்டுமே கிடைக்கிறது, உதிரி மேகசின் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சிக் சாவர் பி220, பல ஆண்டுகள் .45-க்கான அலுமினியச் சட்டகப் பிஸ்டலாக இருந்துவிட்டு, 10 மி.மீ.க்காகத் துருப்பிடிக்காத எஃகுச் சட்டகத்துக்கு மாறியது. தயாரிப்பாளர்களே எஃகைத் தேடிப் போனதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். டிரிக்கரின் சீர்மை டெல்டா எலீட்டைவிட மேல், குழலின் அச்சு கைக்கு மேலே உயரமாக இருப்பதால் முன்குறி அதிகம் எழும்புகிறது. ரூகர் எஸ்ஆர்1911-ன் 10 மி.மீ. வடிவத்தில் முன்பக்கப் புஷிங் (குழல் முனையைத் தாங்கும் வளையம்) இல்லாமல், முனை தடித்த குழல் ஒன்று வருகிறது; அந்த எடை சரியான இடத்தில் இருக்கிறது, பின்குறியையும் திருகி நகர்த்தலாம். செலவைக் கணக்கில் கொள்பவருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். பிலிப்பைன்ஸின் மரிக்கினாவில் ஆர்ம்ஸ்கோர் தயாரிக்கும் ராக் ஐலண்ட் பிஸ்டல்களில் 16 தோட்டா ஏறும் இரட்டை வரிசை மாடல் உண்டு. தோட்டாக்களோடு சேர்ந்தால் அது இடுப்பில் தொங்கவிடும் பொருளாக இல்லை. சுடுதள மேசைக்கு நல்ல துணை.

கையளவைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. 10 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளம் 32 மி.மீ., 9 மி.மீ. தோட்டாவுடையது 30-க்கும் குறைவு. மேகசின் அதற்கேற்ப முன்பின்னாக நீள்வதால் கைப்பிடியும் நீள்கிறது. விரல்கள் குட்டையான நம்மவர் பலருக்கு இரட்டை வரிசை மேகசின் கொண்ட 10 மி.மீ. பிஸ்டல் சரியாகப் பிடிபடுவதில்லை. பிடி சற்றே சுழன்று, உதைப்பு பெருவிரல் மூட்டில் இறங்குகிறது. ஒற்றை வரிசை 1911-ன் ஒல்லியான பிடியும், நீளம் மாற்றிப் பொருத்தக்கூடிய டிரிக்கரும் இந்த இடத்தில் வென்றுவிடுகின்றன. எட்டுத் தோட்டாவா பதினைந்தா என்ற வாதத்தைவிட, கை பிஸ்டலைச் சுற்றி முழுதாக மூடுகிறதா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. வாடகைக்குப் பிஸ்டல் தரும் சுடுதளங்கள் இருக்கும் ஊரில் சுட்டுப் பார்க்காமல் வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. உள்ளரங்கில் சுடும்போது காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் மூடியும் இரண்டும் அவசியம். பக்கத்துத் தடத்தில் நிற்பவருக்கும் இந்த ஓசை ஒரு தொந்தரவுதான்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் சட்டத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. விதிவிலக்குகள் குறுகியவை, அவற்றை வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் நம்ப வேண்டும். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கலிஃபோர்னியாவில் மேகசின் கொள்ளளவு பத்துக்கு மேல் போகக் கூடாது, கடைகள் மாநிலப் பட்டியலில் உள்ள மாடல்களையே புதிதாக விற்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப் பெட்டியின் விலையைப் பிஸ்டலின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கரடிகள் உலவும் மலைப்பகுதிகளில் நடப்பதற்காகவே பலர் இந்தத் தோட்டாவை நாடுகிறார்கள். கிரீன்லாந்தில் டென்மார்க்கின் சிரியஸ் ரோந்துப் படையினர் துருவக் கரடிகளுக்கு எதிராக 10 மி.மீ. க்ளாக் 20-ஐச் சுமக்கிறார்கள் என்பதை அவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அது சரியே, ஆனால் அந்தப் படை தேர்ந்தெடுத்தது பாலிமர்ச் சட்டகத்தை என்பதையும் கவனிக்க வேண்டும்: உறைபனியில் நாள் முழுதும் சுமப்பதற்கும் அரிதாக ஒருமுறை சுடுவதற்கும் அது பொருத்தம். மலைப்பாதையில் நடப்பவரின் தேவையும் அதைப் போன்றதே. அவருக்கு டெல்டா எலீட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானை முதலில் வாங்கச் சொல்வேன். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க 2010 முதல் அனுமதி உண்டு என்றாலும், அங்கே சுடுவது வேறு விஷயம், அது பொதுவாகத் தடைசெய்யப்பட்டதே.

சுடுதளத்தில் அடிக்கடி சுடுபவர், மான் வேட்டைக்குப் பிஸ்டல் எடுத்துச் செல்பவர், எட்டாவது தோட்டாவும் முதல் தோட்டாவைப் போலவே இருக்க வேண்டும் என்று விரும்புபவர் ஆகியோருக்கே எஃகுச் சட்டகம் தன் விலையைத் திருப்பித் தரும். அவர்களிலும் 180 கிரெயின், 1,250 அடிக்குள் நிற்பவர்கள் டெல்டா எலீட்டைத் தயங்காமல் எடுக்கலாம். 220 கிரெயின் கடின ஈயக் குண்டுகளுக்குப் போகிறவர்கள், சரிவோடு ஒன்றான குழல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு ரூகர் போன்ற தடித்த குழல் மாடல்களின் பக்கம் போகட்டும். எதை எடுத்தாலும் பிஸ்டலோடு இரண்டு உதிரி மேகசின்களையும் ஒரு மாற்று ஸ்லைடு ஸ்பிரிங்கையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேகசினிலும் ஓர் எண்ணைப் பெயின்ட்டால் குறித்து வைத்தால், தோட்டா சிக்கும்போது பழுது பிஸ்டலிலா மேகசினிலா என்பது உடனே தெரிந்துவிடும்.